ஒரு கிலோ என்றால் எவ்வளவு? தண்ணீரை நிறுத்துச் சொன்ன லவாய்சியரின் கதை

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருக்கும் டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். காலி பாட்டிலின் எடையைக் கழித்துவிட்டால், கிட்டத்தட்ட 1 கிலோ காட்டும். 1 லிட்டருக்கு 1 கிலோ. எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

இது தற்செயல் இல்லை. கிலோ என்ற அளவே தண்ணீரை வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. 1793-ன் தொடக்கத்தில் பாரிஸில் இரண்டு பேர் தண்ணீரைத் துல்லியமாக நிறுத்து, அதற்கான எண்ணைச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர், பள்ளிக்கூட வேதியியல் பாடத்தில் நாம் எல்லோரும் சந்தித்த அந்துவான் லவாய்சியர். அடுத்த ஆண்டே அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார்.

நாட்டில் எல்லோருக்கும் பொதுவான, யாரும் ஏமாற்ற முடியாத அளவு வேண்டும் என்று உழைத்தவர் அவர். மக்களைச் சுரண்டினார் என்ற குற்றச்சாட்டில் அவர் உயிர் போனது எப்படி? இரண்டுமே ஒரே ஆளின் வாழ்க்கைதான். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த லவாய்சியர்?

1743 ஆகஸ்ட் 26-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். குடும்ப வழக்கப்படி சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினார். ஆனால் மனசு முழுக்க அறிவியலில்தான் இருந்தது.

1768-ம் ஆண்டு அவர் வாழ்க்கையில் ரொம்ப முக்கியமானது. அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் உறுப்பினர் ஆனார். இன்னொன்று, 'ஃபெர்ம் ஜெனரால்' என்ற நிறுவனத்தில் பங்கு வாங்கினார்.

அது என்ன நிறுவனம்? மன்னருக்காக வரி வசூலிக்கும் தனியார் கூட்டமைப்பு. உப்பு, புகையிலை, பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகள் ஆகியவற்றின் மீதான வரியை வசூலிக்கும் உரிமையை மன்னரிடம் குத்தகைக்கு எடுப்பார்கள். மன்னருக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு, மிச்சத்தை லாபமாக எடுத்துக்கொள்வார்கள். பிரான்ஸில் மக்கள் அதிகம் வெறுத்த நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

அந்த வருமானத்தில்தான் லவாய்சியர் தன் ஆய்வுக்கூடத்தை நடத்தினார். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கருவிகளைச் செய்து வாங்கினார். காலையிலும் இரவிலும் ஆராய்ச்சி, நடுவில் வரி வேலை என்று அவருடைய நாள் போனது. பிற்பாடு உயிரைப் பறித்த வேலையும் அதுதான், அறிவியலுக்குப் பணம் தந்த வேலையும் அதுதான்.

1771-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் மேரி-ஆன் போல்ஸுக்கு அப்போது 13 வயது, அவருக்கு 28. அப்பெண்ணின் அப்பாவும் அதே வரி நிறுவனத்தில் பங்குதாரர். மேரி-ஆன் பின்னாளில் ஆங்கிலம் கற்று, ஆங்கில அறிவியல் நூல்களைக் கணவருக்காக மொழிபெயர்த்தார். ஓவியம் கற்று, அவர் புத்தகத்துக்கான கருவிப் படங்களை எல்லாம் வரைந்தார். ஆய்வுக்கூடக் குறிப்புகளை எழுதினார். இன்றைய கணக்கில் அவர் ஒரு முழுநேர ஆய்வுக் கூட்டாளி.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தவர்

லவாய்சியரின் பலம் என்ன என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம்: தராசு.

அந்தக் காலத்தில் தண்ணீரைத் தொடர்ந்து கொதிக்க வைத்தால் அது மண்ணாக மாறும் என்று பலர் நம்பினார்கள். கொதித்த பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் படிவு மிஞ்சுவதுதான் அவர்கள் காட்டிய ஆதாரம். லவாய்சியர் ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை ஊற்றி, மூடி, 101 நாள்கள் சூடாக்கினார். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்தார். மொத்த எடை மாறவில்லை. தண்ணீரின் எடையும் குறையவில்லை. குறைந்தது கண்ணாடிக் குடுவையின் எடை! படிவு வந்தது தண்ணீரிலிருந்து அல்ல, கண்ணாடி கரைந்ததால் என்று தெரிந்தது. நூற்றாண்டுகள் பழைய ஒரு நம்பிக்கை தராசு முன்னால் நிற்க முடியாமல் விழுந்தது.

அடுத்து நெருப்பு. ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து 'ஃப்ளோஜிஸ்டன்' என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்பது அன்றைய அறிவியல். 1772-ல் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்துப் பார்த்தார் லவாய்சியர். எடை கூடியது. ஏதோ வெளியே போயிருந்தால் எப்படிக் கூடும்? காற்றிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே வந்து சேர்கிறது என்று புரிந்துகொண்டார். அந்த வாயுவைத் தனியே பிரித்தெடுப்பதில் ஷீலே, ப்ரீஸ்ட்லி இருவரும் அவரை முந்திக்கொண்டார்கள். ஆனால் எரிதலில் அதன் வேலை என்ன என்று சரியாக விளக்கியவரும், ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவரும் லவாய்சியர்தான்.

வெப்பத்தைக்கூட அவர் எடை போட்டார். லாப்லாஸுடன் சேர்ந்து பனிக்கட்டியால் சூழப்பட்ட ஒரு கருவி செய்தார். உள்ளே ஒரு பொருளை வைத்தால், அதன் வெப்பத்தில் பனி உருகும். உருகி வந்த தண்ணீரை நிறுத்தால், எவ்வளவு வெப்பம் வந்தது என்று தெரிந்துவிடும். உள்ளே ஒரு கினிப் பன்றியையும் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு விடுவதும் ஒரு வகையில் மெதுவாக எரிவதுதான் என்ற முடிவுக்கு அது வழிகாட்டியது.

1789-ல் வெளியான அவருடைய வேதியியல் நூலில் இதற்கெல்லாம் அடிப்படையான விதியைத் தெளிவாக எழுதினார்: ஒரு வேதிவினைக்கு முன்னால் எவ்வளவு பொருள் இருந்ததோ, பின்னாலும் அவ்வளவே இருக்கும். நாம் படித்த பொருண்மை அழியா விதி இதுதான். அதே நூலில் இன்னொரு யோசனையும் சொன்னார். ஒவ்வொரு ஊர் வேதியியலாளரும் ஒவ்வோர் எடையில் எழுதினால் ஒப்பிட முடியாது. பவுண்டைப் பத்து பத்தாகப் பிரித்து, தசம எண்ணில் எழுதினால் எல்லோருக்கும் புரியும் என்றார். மெட்ரிக் முறை வரும் முன்பே அவர் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது.

அப்போ அளவுகளில் என்ன பிரச்சினை?

புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் சுமார் 800 பெயர்களில் இரண்டரை லட்சம் விதமான அளவுகள் புழங்கியதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு அளவு. பாரிஸின் ஒரு லிவ்ர் இன்றைய கணக்கில் சுமார் 489.5 கிராம். அதில் 16 அவுன்ஸ், ஓர் அவுன்ஸில் 8 க்ரோ, ஒரு க்ரோவில் 72 கிரெய்ன். அதாவது ஒரு லிவ்ருக்கு 9,216 கிரெய்ன். கணக்குப் போடுவதற்குள் தலை சுற்றிவிடும்.

ஆனால் மக்களின் கோபத்துக்குக் காரணம் கணக்கு அல்ல, ஏமாற்று. தானியமாக வரி வாங்கும் நிலப்பிரபுவின் கையில்தான் அந்த ஊரின் மரக்கால் இருந்தது. வாங்கும்போது பெரிய மரக்கால் வந்தால் விவசாயி என்ன செய்ய முடியும்? 1789-ல் ஊர் ஊராக எழுதப்பட்ட குறைப் பட்டியல்களில், நாடு முழுக்க ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. நியாயமான அளவு என்பது அவர்களுக்கு அன்றாடச் சாப்பாட்டுப் பிரச்சினை.

1790 மே 8-ம் தேதி, அளவுகளைச் சீர்திருத்துவதற்கான தீர்மானத்தைத் தேசிய சபை நிறைவேற்றியது. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை அறிவியல் அகாடமியிடம் வந்தது. எந்த மன்னரின் காலையும் கையையும் அளவாக வைக்கக் கூடாது, இயற்கையிலிருந்தே அளவை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையிலான தூரத்தில் கோடியில் ஒரு பங்கு, ஒரு மீட்டர். அந்த மீட்டரில் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு கனசதுரம் செய்தால், அதில் பிடிக்கும் தண்ணீரின் எடை, எடைக்கான அளவு. நீளம் தெரிந்தால் கன அளவு தெரியும், கன அளவு தெரிந்தால் எடை தெரியும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்த சங்கிலி.

பூமியை அளக்க தெலாம்பரும் மெஷனும் கிளம்பினார்கள். அவர்களுக்கான பணத்தைக் கவனித்தவர் அகாடமியின் பொருளாளராக இருந்த லவாய்சியர். தண்ணீரை நிறுக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. கூட்டாளி ரெனே ஜூஸ்ட் ஹாவுயி. இவர் ஒரு பாதிரியார், படிகங்களைப் பற்றிய அறிவியலின் முன்னோடி.

தண்ணீரை நிறுப்பது அவ்வளவு கஷ்டமா?

ஒரு லிட்டர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி நிறுத்தால் போதாதா? போதாது. விளிம்பில் தண்ணீர் வளைந்து நிற்கும். ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் கணக்கு தப்பும். பாத்திரத்தின் உள்பக்கத்தைத் துல்லியமாக அளப்பதும் சிரமம்.

அதனால் அவர்கள் ஆர்க்கிமிடிஸைத் துணைக்கு அழைத்தார்கள். ஓர் உலோக உருளை செய்து, அதன் உயரத்தையும் விட்டத்தையும் அளந்து, கன அளவைக் கணக்கிட்டார்கள். பிறகு அதைக் காற்றில் ஒருமுறை, தண்ணீரில் மூழ்கடித்து ஒருமுறை நிறுத்தார்கள். தண்ணீரில் எவ்வளவு எடை குறைகிறதோ, அதுதான் உருளை இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. இப்படிச் செய்தால் விளிம்புத் துளிப் பிரச்சினையே வராது.

அடுத்த சிக்கல், வெப்பநிலை. சூடு ஏறினால் தண்ணீர் விரியும், அடர்த்தி குறையும். இன்றைய அளவீட்டின்படி 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 999.84 கிராம். 4 டிகிரியில் 999.97. அதுவே 30 டிகிரியில் சுமார் 995.7 கிராம்தான். எந்த வெப்பநிலையில் நிறுத்தோம் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது காய்ச்சி வடித்த நீர், பனி உருகும் வெப்பநிலை. உலோகமும் சூட்டில் விரியும் என்பதால், நீளம் அளக்கும் கம்பிகள் எவ்வளவு விரிகின்றன என்பதைத் தனியாக போர்தாவுடன் சேர்ந்து லவாய்சியர் ஆராய்ந்தார்.

1793 ஜனவரியில் விடை வந்தது: ஒரு கன டெசிமீட்டர் தண்ணீர், அதாவது ஒரு லிட்டர், 18,841 கிரெய்ன்.

இது சரியான எண்ணா? 1799-ல் வேறு இருவர், லெஃபெவ்ர்-ஜினோவும் ஃபப்ரோனியும், 4 டிகிரி தண்ணீரை வைத்து இறுதி அளவைச் சொன்னபோது வந்தது 18,827.15 கிரெய்ன். ஒரு கிலோவுக்கு முக்கால் கிராம்கூட இல்லாத வித்தியாசம். அதிலும் பெரும்பகுதி தராசின் தவறு இல்லை. 1793-ல் பூமியை அளக்கும் வேலை முடிந்திருக்கவில்லை. அதனால் பழைய சர்வே ஒன்றிலிருந்து எடுத்த தற்காலிக மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்த மீட்டர் இறுதி மீட்டரைவிட சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளம். நீளம் கூடினால் லிட்டரும் கூடும், தண்ணீரும் கூடும். அதைச் சரிசெய்து பார்த்தால் லவாய்சியர்-ஹாவுயி எண், கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விலகுகிறது. கையால் செய்த தராசில், 230 ஆண்டுகளுக்கு முன்பு!

சுற்றி இறுகிய சுருக்கு

இங்கே தண்ணீரை நிறுத்துக்கொண்டிருந்தபோது, வெளியே காலம் மாறிவிட்டது. அதே ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயி கில்லட்டினில் கொல்லப்பட்டார். வரி நிறுவனம் ஏற்கெனவே 1791-ல் கலைக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்கள் அதை மறக்கவில்லை.

லவாய்சியர் மீது தனிக் கோபமும் இருந்தது. வரி கட்டாமல் சரக்கு கடத்துவதைத் தடுக்கப் பாரிஸைச் சுற்றி ஒரு பெரிய மதில் கட்டப்பட்டது. அந்த யோசனை அவருடையது. அறிவியலில் கிடைத்த நல்ல பெயர் அந்த மதிலை மறைக்கவில்லை. புரட்சிப் பத்திரிகையாளர் மாராவும் அவரைத் தன் இதழில் கடுமையாகத் தாக்கினார். நெருப்பைப் பற்றி மாரா முன்பு செய்த ஆய்வை லவாய்சியர் மதிக்கவில்லை என்பது பழைய பகை.

1793 ஆகஸ்ட் 1-ல் புதிய அளவுகள் சட்டமாயின. சரியாக ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 8-ல், அந்த அளவுகளை உருவாக்கிய அறிவியல் அகாடமியே கலைக்கப்பட்டது. அளவு வேலை மட்டும் ஒரு தற்காலிக ஆணையத்தின் கீழ் தொடர்ந்தது.

நவம்பர் 24-ல் முன்னாள் வரி குத்தகைதாரர்களைக் கைது செய்ய உத்தரவு வந்தது. சில நாள் தலைமறைவாக இருந்த லவாய்சியர், தானாகவே போய்ச் சரணடைந்தார். காவலில் வைத்தபடியாவது எடை அளவு வேலையை முடிக்க அனுமதிக்கும்படி கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. போர்தாவும் ஹாவுயியும் ஆணையத்தின் சார்பில் அவரை விடுவிக்கக் கோரி எழுதினார்கள். பதிலாக, டிசம்பர் 23-ல் லவாய்சியர், போர்தா, லாப்லாஸ், கூலும், ப்ரிசோன், தெலாம்பர் ஆகிய ஆறு பேரும் ஆணையத்திலிருந்தே நீக்கப்பட்டார்கள். 1788-ல் லவாய்சியர் தம்பதியின் புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்த டேவிட், இப்போது அதிகாரம் மிக்க ஒரு புரட்சிக் குழுவின் உறுப்பினர். அந்தப் பழக்கமும் உதவவில்லை.

வரி குத்தகைதாரர்கள் மீது சொல்லப்பட்ட புகார்களில் ஒன்றைக் கேளுங்கள். புகையிலையில் தண்ணீரைச் சேர்த்து எடையைக் கூட்டி விற்றார்கள் என்பது அது. தண்ணீரின் எடையை உலகத்துக்கே அளந்து சொன்னவர், தண்ணீர் எடையில் ஏமாற்றியதாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அதே மே 8

1794 மே 8. அளவுச் சீர்திருத்தத் தீர்மானம் நிறைவேறி சரியாக நான்கு ஆண்டுகள். அன்று காலை விசாரணை, அன்றே தீர்ப்பு, அன்றே தண்டனை. 28 வரி குத்தகைதாரர்கள் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார்கள். மேரி-ஆனின் அப்பாவுக்கு அடுத்த முறை லவாய்சியருடையது. ஒரே நாளில் அப்பாவையும் கணவரையும் இழந்தார் மேரி-ஆன். லவாய்சியருக்கு வயது 50.

அந்த வழக்கில் இருந்த மற்றவர்கள் எப்படியோ, லவாய்சியர் அந்த நிறுவனத்தால் பணக்காரர் ஆனவர் என்பதை மறுக்க முடியாது. உப்புக்குக்கூட வரி கட்டித் தவித்த ஏழையின் பணமும் அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஆனால் ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்காமல், 28 பேரையும் மொத்தமாக ஒரே தட்டில் வைத்துத் தீர்ப்பு சொன்னது நீதிமன்றம். குடுவையையும் தண்ணீரையும் படிவையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்த மனிதருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு கதைகள்

ஒன்று: தலை வெட்டுப்பட்ட பிறகும் உணர்வு இருக்குமா என்று பார்க்க, லவாய்சியர் கண் சிமிட்டிக் காட்டினார் என்பது. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இது இல்லை. பிற்காலக் கட்டுக்கதை.

இரண்டு: குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை என்ற பொருளில் நீதிபதி ஏதோ சொன்னார் என்பது. இதுவும் பின்னால் முளைத்ததாகவே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பார்க்கப்போனால் அந்தக் குடியரசுக்கு அறிஞர்கள் ரொம்பவே தேவைப்பட்டார்கள். ஆணையத்தில் மிஞ்சியவர்களை வைத்து அளவு வேலை தொடர்ந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஓராண்டு கழித்து, 1795 ஏப்ரல் 7-ல் வந்த சட்டம்தான் கிராம், லிட்டர் போன்ற பெயர்களை அதிகாரபூர்வமாக்கியது. அதுவரை கிலோவுக்குச் சட்டத்தில் இருந்த பெயர் 'க்ராவ்'. தன் கையால் நிறுத்த அளவு கிலோகிராம் என்று சட்டத்தில் ஏறுவதைப் பார்க்க லவாய்சியர் உயிருடன் இல்லை. 1799-ல் இறுதி அளவின்படி பிளாட்டினத்தில் எடைக்கல் செய்து பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள்.

பறிமுதலான சொத்துகளையும் கணவரின் குறிப்புகளையும் மேரி-ஆன் போராடித் திரும்பப் பெற்றார். சிறையில் அவர் தொகுத்துக்கொண்டிருந்த ஆய்வுக் கட்டுரைகளைப் புத்தகமாக வெளியிட்டார். லவாய்சியரின் தராசுகளைப் பாரிஸின் கலைத் தொழில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். ஈஃபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் லவாய்சியர், ஹாவுயி, போர்தா மூவரும் இருக்கிறார்கள்.

அந்தப் பிளாட்டினக் கல்லை ஒட்டியே 1889-ல் சர்வதேசக் கிலோ உருளை வந்தது. சேர், வீசை, பலம் என்று நிறுத்துக்கொண்டிருந்த இந்தியாவில் 1956-ல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் கட்டம் கட்டமாகக் கிலோ வந்தது. 2019 மே 20 முதல் கிலோவுக்கு உலோகக் கல்லும் தேவையில்லை. பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணை வைத்து அதை வரையறுத்துவிட்டார்கள்.

ஆனால் மதிப்பு மாறவில்லை. புதிய வரையறை பழைய உருளையோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டது. அந்த உருளை பிளாட்டினக் கல்லோடு ஒத்துப்போனது. அந்தக் கல், ஒரு லிட்டர் தண்ணீரோடு. அதனால்தான் இன்று மளிகைக் கடையில் அரை கிலோ பருப்பு வாங்கும்போது, கடைக்காரர் யார், நீங்கள் யார் என்று தராசு பார்ப்பதில்லை. 1789-ல் பிரான்ஸ் விவசாயிகள் கேட்டது அதைத்தான்.